ஒரு காத்தி தங்கம்

ஊர் பார்க்கப் புறப்படும் எழுத்தாளனை நம்பக் கூடாது. அவன் ஊரைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றி எழுதி முடித்துவிடுகிறான். அப்புறம் போய்ப் பார்ப்பதெல்லாம், தான் எழுதினது சரிதான் என்று ஊரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவதற்குத்தான்.

நான் மலாக்காவுக்குப் போனதும் இந்த லட்சணத்தில்தான். கோலாலம்பூரில் ஓர் இலக்கியக் கூட்டம். மாலை, பொன்னாடை, புகைப்படம் எல்லாம் முடிந்து கையில் ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்தது. சென்னையில் விமானம் ஏறும்போதே ஒரு பத்திரிகை ஆசிரியர், "மலாக்காவுக்குக் கட்டாயம் போய்விட்டு வாருங்கள். அங்கே நம்மவர்கள் பெருமையைப் பற்றி நல்லதாக ஒன்று எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லியனுப்பியிருந்தார். ஆகவே பஸ் ஏறினேன். சுமார் இரண்டு மணி நேரப் பிரயாணம். இரு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அவற்றைப் பார்க்கவில்லை. மனத்துக்குள் கட்டுரை ஓடிக்கொண்டிருந்தது. இராஜேந்திர சோழனின் கப்பல்கள், கடாரம், புலிக்கொடி, அலைகடல் நடுவே பல கலம் செலுத்திய பெருமை, எல்லாம் தயாராகிவிட்டன. மலாக்கா என்ற ஊர் ஒன்றுதான் பாக்கி.

பஸ் நிலையத்தில் ஒரு பெரியவர் எனக்காகக் காத்திருந்தார். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிய வயது. குடையைக் கைத்தடி மாதிரி ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வாங்க ஐயா. பசியாறிட்டீங்களா?" என்றார்.

காலைச் சிற்றுண்டிக்கு அந்த ஊர்த் தமிழர்கள் வைத்திருக்கும் சொல் அது. நம் ஊரில் யாரும் நம்மை இவ்வளவு அழகாகக் கேட்பதில்லை. 'டிபன் ஆச்சா?' என்று முடித்துவிடுகிறோம். பக்கத்துக் கடையில் ரொட்டி சானாயும் தேநீரும் ஆயிற்று. நான் சும்மா இருக்கக் கூடாதா?

"சார், சோழர் படை வந்து இறங்கின துறை இங்கே எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

அவர் தேநீரை ஆற்றி ஒரு வாய் குடித்தார். கோபித்துக்கொள்ளாமல் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் மாதிரி சொன்னார்: "கடாரம்னு சொல்றது கெடா பக்கம்ங்க ஐயா. வடக்கே. ராத்திரி பஸ் ஏறினா விடியக்காலம் போய்ச் சேரலாம். அது போகட்டும். இராஜேந்திரன் படை வந்தது 1025-ல. பரமேஸ்வரா இங்கே வந்து இந்த ஊரை உண்டாக்கினது 1400-ஐ ஒட்டி. நடுவில முந்நூத்தி எழுபத்தஞ்சு வருஷம் கிடக்கு."

என் கட்டுரையின் முக்கால் பாகம் தேநீரில் மூழ்கிப்போயிற்று.

"அப்போ இந்த ஊர்லே நம்மவங்க…?" என்று இழுத்தேன்.

"இருந்தாங்க. நிறையவே இருந்தாங்க. வாங்க, அரண்மனையைப் பார்த்துட்டுப் பேசுவோம்" என்று குடையைக் கையில் எடுத்தார்.

செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது அந்தக் காட்சிசாலை. குன்றைச் சுற்றிச் சரித்திரம் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. 1511-ல் போர்த்துக்கீசியர் ஊரைப் பிடித்தார்கள், கோட்டை கட்டினார்கள். 1641-ல் டச்சுக்காரர் அவர்களைத் துரத்தினார்கள். இன்று செக்கச் செவேலென்று நிற்கிற 'ஸ்டாத்ஹைஸ்' மாளிகை அவர்கள் கட்டியது. அப்புறம் வந்த ஆங்கிலேயர் 1807-ல் கோட்டையை வெடிவைத்து இடித்தார்கள். இடித்தது போக ஒரே ஒரு வாசல் மிஞ்சியிருக்கிறது. கோட்டை இல்லாத வாசல். அதன் வழியாகப் போகிறவர்கள் எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே என்று தெரியாமல் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த வாசலுக்கு அருகில்தான் மரத்தாலான பெரிய அரண்மனை. உண்மையான அரண்மனை அல்ல. 1459 முதல் 1477 வரை ஆண்ட சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனை எப்படி இருந்தது என்று 'ஸெஜாரா மெலாயு' என்ற மலாய்ச் சரித்திர நூல் வர்ணிக்கிறது. பதினேழு பத்தி, ஏழு அடுக்குக் கூரை, செம்பும் ஈயமும் வேய்ந்த முகடு என்று அதில் வருகிறது. அந்த வர்ணனையை வைத்துக்கொண்டு, அளவைச் சுருக்கி, 1980-களில் இதைக் கட்டியிருக்கிறார்கள். 1986-ல் பொருட்காட்சிசாலையாகத் திறந்தார்கள். இரும்பு ஆணி அடிக்காமல் மர முளைகளாலேயே பொருத்தினதாகச் சொல்கிறார்கள். கல்லில் கட்டிய கோட்டை போய்விட்டது. புத்தகத்தில் எழுதிய மரவீடு ஐந்நூறு வருஷம் கழித்து எழுந்து நிற்கிறது. எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் தலை கனத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினோம். உள்ளே பலகைத் தரை காலுக்கு ஜில்லென்று இருந்தது. சன்னல்களில் செதுக்கு வேலை. வெயில் அதன் வழியாக வந்து தரையில் கோலம் போட்டிருந்தது. சுல்தானின் தர்பார் அப்படியே பொம்மைகளாக வைக்கப்பட்டிருக்கிறது. சிம்மாசனத்தில் அரசர், இரு பக்கமும் பிரதானிகள். கண்ணாடிப் பெட்டிகளில் வளைந்து வளைந்து போகிற கிரிஸ் கத்திகள், பட்டுத் துணிகள், நகைகள், இசைக் கருவிகள். இன்னொரு பக்கம், அந்நாளில் மலாக்காவுக்கு வந்த வியாபாரிகள் ஆளுயரப் பொம்மைகளாக நிற்கிறார்கள். 1512 முதல் 1515 வரை இங்கே இருந்த தோமே பிரேஸ் என்ற போர்த்துக்கீசியர், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். எண்பத்து நான்கு மொழிகளில் பேரம்! நம் மூர் மார்க்கெட்டில் ஒரே மொழியில் நடந்த பேரத்துக்கே காது போதவில்லை.

நான் பொம்மைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். பெரியவர் என் பின்னால் வந்தார்.

"என்ன ஐயா தேடுறீங்க?"

"நம்ம ஆளைத்தான் சார்."

"பொம்மையில தேடாதீங்க. பேச்சில தேடுங்க. இவங்க கடைக்கு என்ன சொல்றாங்க? 'கெடாய்'. கப்பலுக்கு 'காப்பால்'. கட்டிலுக்கு 'காத்தில்'. பெட்டிக்கு 'பெத்தி'. வியாபாரத்துக்குப் போடுற முதலுக்கு 'மோடால்'. கோயிலுக்குக் 'குயில்'. எல்லாம் நாம கொண்டு வந்து இறக்கின சரக்கு. திருப்பி எடுத்துக்கிட்டுப் போக முடியாத சரக்கு."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து மளமளவென்று எழுதினேன். மூழ்கின கட்டுரை மெல்ல மிதந்து மேலே வர ஆரம்பித்தது. துறைமுகத்துக்கு அப்போது நாலு 'ஷாபந்தார்'கள், அதாவது துறைமுகத் தலைவர்கள், இருந்தார்களாம். அவர்களில் ஒருவருடைய பொறுப்பில்தான் நம் சோழமண்டலக் கரை வியாபாரிகள் இருந்தார்கள். கடற்படைத் தலைவருக்கு 'லக்சமானா' என்று பட்டம். இராமன் தம்பியின் பெயர்தான். இதையெல்லாம் எழுதிக்கொண்டே அடுத்த காட்சிக்கு முன்னால் வந்து நின்றேன்.

இரண்டு ஆண் பொம்மைகள். இருவர் கையிலும் கத்தி. ஒருவரை ஒருவர் கொல்லப் போகிறார்கள்.

"ஹாங் துவா, ஹாங் ஜெபாத்" என்றார் பெரியவர். "மலாய்க்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ரெண்டு பேரும் பால்ய சிநேகிதங்க. துவா மேலே யாரோ பொறாமையில ஒரு பொய்யைச் சொல்லிட்டாங்க. ராஜா விசாரிக்கல. கொன்னுடுன்னு உத்தரவு. உத்தரவு வாங்கின பெண்டஹாரா, அதாவது முதல் மந்திரி, புத்திசாலி. கொன்னாச்சுன்னு சொல்லிட்டு துவாவை ஒளிச்சு வைச்சுட்டார். சிநேகிதன் அநியாயமாச் செத்துப்போனான்னு நினைச்சு ஜெபாத் அரண்மனைக்குள்ளேயே புகுந்து ஆர்ப்பாட்டம் பண்ணினான். ராஜாவே வீட்டை விட்டு ஓட வேண்டியதாப் போச்சு. அடக்க ஆள் இல்ல. அப்போ, 'துவா இருந்திருந்தா' என்று ராஜா அழுதார். 'இருக்கார்'னு பெண்டஹாரா கூட்டிட்டு வந்தார். துவா வந்து, தனக்காகச் சண்டை போட்டவனையே ராஜாவுக்காகக் கொன்னான்."

"யார் பக்கம் சார் நியாயம்?"

"பள்ளிக்கூடத்தில இந்தக் கதை வந்தா வகுப்பே ரெண்டாப் பிரியும். நான் ஒரு நாளும் தீர்ப்புச் சொன்னதில்ல." பெரியவர் சிரித்தார். "ஆனா எனக்கு இதில பிடிச்ச ஆள் துவாவும் இல்ல, ஜெபாத்தும் இல்ல. அந்தப் பெண்டஹாரா. பொய்யை எதிர்த்து வாதாடல. கொஞ்ச நாள் தள்ளிப்போட்டார். அவ்வளவுதான். அதுக்குள்ளே ராஜாவுக்குப் புத்தி வந்திடுச்சு."

ஹாங் துவா உண்மையிலேயே இருந்தாரா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. குறிப்புப் புத்தகத்தை மூடப்போனேன்.

"மூடாதீங்க" என்றார் அவர். "நம்மவங்க எங்கேன்னு கேட்டீங்களே. அவங்க கதை இனிமேத்தான் வருது. அதைப் படியிலே உட்கார்ந்து சொல்றேன். முழங்கால் கேட்கல."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். எதிரே தோட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்ன கதையும் அதே 'ஸெஜாரா மெலாயு'வில் இருப்பதுதான். ஊருக்குத் திரும்பியபின் மொழிபெயர்ப்பை வாங்கிப் படித்துப் பார்த்தேன். ஒரு சொல் கூட அவர் கூட்டிச் சொல்லவில்லை.

மலாக்காவின் கடைசி சுல்தான்களில் ஒருவரான மஹ்மூத் ஷாவின் காலம். பெண்டஹாராவாக இருந்தவர் துன் முத்தாஹிர். அவருடைய முன்னோர் இந்தியக் கரையிலிருந்து வந்து மலாய்க் குடும்பங்களில் சம்பந்தம் செய்துகொண்டவர்கள். தமிழ் முஸ்லிம் வழி என்று பலர் சொல்கிறார்கள். மகா அழகர். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை உடை மாற்றுவாராம். ஆளுயரக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்வாராம். இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பெண்: துன் பாத்திமா. அவள் அழகைப் பற்றிக் கேட்க வேண்டுமா? ஆனால் தகப்பனார் அவளை அரசன் கண்ணில் காட்டாமல் துன் அலி என்பவருக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்த சுல்தான் பெண்ணைப் பார்த்தார். தன்னிடம் மறைத்துவிட்டார்களே என்று அன்றைக்கு மனத்தில் விழுந்த முள் அங்கேயே இருந்தது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் துறைமுகம். அங்கே ஷாபந்தார் ராஜா மெண்டெலியார் என்பவர். முதலியார் என்ற பெயர்தான் மலாய் நாக்கில் அப்படி ஆகியிருக்கிறது என்கிறார்கள். அளவில்லாத பணக்காரர். அவருக்கும் வியாபாரிகளின் தலைவரான நினா சூரா தெவானா என்பவருக்கும் ஏதோ வழக்கு. வழக்கு பெண்டஹாராவிடம் வந்தது. சாயங்காலம் ஆகிவிட்டதால் மறுநாள் வரச் சொன்னார். அன்று இரவு சூரா தெவானாவுக்குத் தூக்கம் வரவில்லை. எதிராளி பணக்காரன், அவன் முந்திக்கொண்டால் என்ன ஆவது? பத்துக் காத்தி தங்கத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெண்டஹாராவிடம் கொடுத்தார். ஒரு காத்தி என்பது நம் கணக்கில் சுமார் 600 கிராம். பெண்டஹாராவும் வாங்கிக்கொண்டார். இது இரண்டு பேருக்குள் நடந்த தப்பு. இதோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும்.

நிற்கவில்லை. சூரா தெவானாவின் உறவுக்காரன் ஒருவன் இருந்தான், பெயர் கித்துல். அவன் ராஜா மெண்டெலியாரிடம் ஒரு காத்தி தங்கம் கடன் பட்டிருந்தான். அதே ராத்திரி அவன் மெண்டெலியாரின் கதவைத் தட்டினான். பத்துக் காத்தி கொடுத்தது உண்மை. உம்மைக் கொன்றுபோடுவதற்காகக் கொடுத்தார்கள் என்று அவன் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னான். மெண்டெலியார் கடன் பத்திரத்தை எடுத்து அங்கேயே கிழித்துப்போட்டார். இனிமேல் நீ எனக்குச் சகோதரன் என்றார். கித்துல் கடனில்லாத மனிதனாக வீட்டுக்குப் போனான்.

உயிர்ப்பயம் பிடித்த மெண்டெலியார் ஒரு பஹாரா தங்கமும் நகைகளும் எடுத்துக்கொண்டு லக்சமானாவிடம் ஓடினார். பஹாரா என்பது நம் 'பாரம்' என்ற சொல்லுக்கு உறவு. பெண்டஹாரா ராஜத் துரோகம் செய்யப் பார்க்கிறார், சிம்மாசனமே செய்து வைத்துவிட்டார் என்று சொன்னார். தங்கத்தைப் பார்த்த லக்சமானா அதை சுல்தானிடம் சொன்னார். சுல்தானுக்குள்ளேதான் முள் இருந்ததே. விசாரணை இல்லை. வெள்ளித் தட்டில் கிரிஸ் கத்தி வைத்துத் துணியால் மூடிப் பெண்டஹாராவின் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. வீட்டில் ஆட்கள் இருந்தார்கள், ஆயுதம் இருந்தது. எதிர்த்து நிற்போம் என்றார்கள். பெண்டஹாரா சம்மதிக்கவில்லை. அரசனுக்கு எதிராகக் கை ஓங்குவது நம் குல வழக்கம் இல்லை என்று சொல்லித் தலை கொடுத்தார். அவரும் அவரைச் சேர்ந்தவர்களும், பாத்திமாவின் புருஷனும் கொல்லப்பட்டார்கள். இது நடந்தது 1510-ல் என்கிறார்கள்.

சுல்தான் பாத்திமாவை மணந்துகொண்டார். அவள் அந்த அரண்மனையில் ஒரு நாளும் சிரிக்கவில்லை. புன்னகைகூடச் செய்யவில்லை என்று நூல் சொல்கிறது.

பிற்பாடு உண்மை தெரிந்தது. மெண்டெலியாரும் கித்துலும் குடும்பத்தோடு அழிந்தார்கள். லக்சமானாவின் சொத்து பறிபோயிற்று. சுல்தான் வருந்தி மகனிடம் ஆட்சியைக் கொடுத்தார். அடுத்த ஆண்டே, 1511 ஆகஸ்டில், அல்புகர்க்கின் பீரங்கிகளுக்கு முன்னால் மலாக்கா விழுந்துவிட்டது. கித்துலின் ஒரு வார்த்தையால்தான் விழுந்தது என்று சரித்திரக்காரன் சொல்லமாட்டான். பீரங்கிக்குப் பீரங்கிதான் காரணம். ஆனால் சரித்திரத்தை எழுதினவருக்கு அந்த வார்த்தை மறக்கவில்லை. நூலை இன்றுள்ள உருவில் 1612-ல் தொகுத்தவர் என்று சொல்லப்படும் துன் ஸ்ரீ லானாங்கும் ஒரு பெண்டஹாராதான். கொன்றவர்களை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், கடன்பட்டவனையும், எத்தனை காத்தி என்ற கணக்கையும் எழுதி வைத்துவிட்டார்.

"நம்மவங்க எங்கேன்னு கேட்டீங்களே ஐயா, இதுதான்" என்று முடித்தார் பெரியவர். "பெருமையும் இருக்கு. இல்லேன்னு சொல்லல. ஆனா கடை, கப்பல்னு வார்த்தைகளை மட்டும் எண்ணிட்டு, இதை விட்டுட்டுப் போனா கணக்கு நேராகாது."

"பொய்ப்பழிக்கு மலாயில என்ன சார் சொல்றாங்க?"

"பித்னா."

"அது நம்ம வார்த்தையா?"

"இல்ல. அரபு."

சொல்லாவது நம்முடையது இல்லையே என்று ஒரு நிமிஷம் ஆறுதல் பட்டேன். அப்புறம் அந்த ஆறுதலை நினைத்து எனக்கே வெட்கமாகப் போயிற்று.

"என்ன ஐயா, பேச்சையே காணோம்?" என்றார் பெரியவர்.

"வெயில்" என்றேன்.

வெயில் இல்லை. வாசகர்களிடம் இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது, ஆகையால் சொல்லிவிடுகிறேன்.

இருபது வருஷங்களுக்கு முன் நான் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அச்சகத்தின் பெயர் வேண்டாம். தப்பு அதனுடையது அல்ல. எங்களுக்கெல்லாம் மேலே தலைமைப் புரூப் ரீடராக ஒரு பெரியவர் இருந்தார். காதில் எப்போதும் சிவப்புப் பென்சில். "தம்பி, தப்பைக் கண்ணாலே தேடாதே, காதாலே தேடு" என்பார். எந்த வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுவார். என் முதல் கதையை அவர்தான் திருத்திக் கொடுத்தார். நான் இன்று ஒற்றெழுத்துக்களை ஓரளவு ஒழுங்காகப் போடுகிறேன் என்றால் அது அவர் போட்ட பிச்சை.

அந்தச் சமயம் வாடகை அறைக்கு முன்பணம் கொடுப்பதற்காக மானேஜரிடம் இரண்டாயிரம் ரூபாய் கடன் வாங்கியிருந்தேன். மாதா மாதம் தவணை சொல்லிக் கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அவர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கடனைப் பற்றித்தான் என்று பயந்துகொண்டே போனேன். அவர் கடனைப் பற்றிப் பேசவில்லை.

"உங்க பெரியவர் ஆறு அடிச்சாப் பறக்கிறாரே, எங்கேய்யா போறார்?" என்றார்.

எங்கள் அச்சகத்துக்கு வந்துகொண்டிருந்த வேலைகள் சில அப்போது வேறொரு அச்சகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு நாள் முன்புதான் அந்த அச்சகத்தின் மாடிப்படியில் பெரியவர் ஏறுவதை நான் பார்த்திருந்தேன். 'தெரியாது சார்' என்று சொல்லியிருக்கலாம். 'அவரையே கேளுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். "அந்தப் பிரஸ் மாடிப்படியிலே பார்த்தேன் சார். அடிக்கடி போவார் போல இருக்கு" என்றேன்.

பார்த்தது ஒரே ஒரு தடவை. 'அடிக்கடி' என்ற அந்த ஒரு சொல் மட்டும் என் சொந்தச் சரக்கு. ஏன் அதைச் சேர்த்தேன்? பெரியவர்மேல் எனக்கு ஒரு துளி விரோதம் கிடையாது. கேட்கிறவருக்கு எது வேண்டுமோ அது என் வாயில் வந்தது, அவ்வளவுதான். வெளியே வரும்போது மானேஜர் என்னை முதுகில் தட்டிக் கொடுத்தார்.

மாதக் கடைசியில் பெரியவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சிவப்புப் பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து என் அறையைத் தேடிக்கொண்டு வந்தார். பெண்ணுக்குக் கல்யாணம். மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். நான் புரூப் ரீடர் அல்லவா? பழக்க தோஷம், பத்திரிகையை மேலிருந்து கீழ்வரை படித்தேன். கடைசி வரியில், பொடி எழுத்தில், அச்சகத்தின் பெயர் இருந்தது. அந்த மாடிப்படி அச்சகம்.

"அதன் முதலாளி நம்ம ஊர்க்காரர். காகித விலைக்கே அடிச்சுக் கொடுத்தார். இங்கே மானேஜர்கிட்டே கடன் சொல்லக் கூச்சமா இருந்தது, தம்பி" என்றார் பெரியவர்.

கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "என் சிஷ்யன். ஒரு வார்த்தை தப்பா விடமாட்டான்" என்றார்.

மானேஜர் அந்த இரண்டாயிரத்தைப் பிறகு கேட்கவே இல்லை. நானும் கொடுக்கவில்லை. பத்திரம் எழுதியிருக்கவில்லை, ஆகவே கிழிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் நாவல்களில் துரோகிகள் வருகிறார்கள். வெகு தத்ரூபமாக இருக்கிறார்கள் என்று வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். அவர்கள் யாரும் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவர்கள் அல்ல. அப்படி ஒருவனை எழுத எனக்குத் தைரியம் வந்ததில்லை. நானூறு வருஷங்களுக்கு முன் துன் ஸ்ரீ லானாங் எழுதிவிட்டார். ஹாங் துவாவுக்காவது தள்ளிப்போடத் தெரிந்த ஒரு மந்திரி கிடைத்தார். எங்கள் பெரியவருக்காக அன்றைக்குத் தள்ளிப்போட்டிருக்க வேண்டியவன் நான்தான். 'விசாரித்துச் சொல்கிறேன் சார்' என்று மூன்று சொற்கள் போதும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆற்றைக் கடந்து பழைய தெருக்களுக்குப் போனோம். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பகுதி அது. ஒரு சீனக் கோயில், கொஞ்ச தூரத்தில் 1748-ல் கட்டிய பள்ளிவாசல், அதை ஒட்டி நம் பிள்ளையார் கோயில்; எல்லாம் ஒரே வரிசையில் அண்டை வீடுகள் மாதிரி இருக்கின்றன. கோயில் 1781-ஐச் சேர்ந்தது. டச்சுக்காரர் காலத்தில் கிடைத்த நிலத்தில் மலாக்காச் செட்டிகள் எழுப்பியது. பழைய தமிழ் வியாபாரிகளின் வம்சம் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய். உடுப்பது மலாய் உடை. கும்பிடுவது நம் சாமி. தமிழைத் தொலைத்துவிட்டார்களே என்று நான் அங்கலாய்த்தேன்.

"சாமியைத் தொலைக்கல, தாத்தா பாட்டி திதியைத் தொலைக்கல. நாம தமிழை வைச்சுக்கிட்டு எதையெல்லாம் தொலைச்சோம்னு யாரு கணக்குப் பார்க்கிறது?" என்றார் பெரியவர். காலையிலிருந்து அவரிடம் இது எனக்கு மூன்றாவது தோல்வி.

வாசலில் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தேன். ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில்.

வாய்விட்டுப் படித்தேன். இரண்டாம் முறையும் படித்தேன்.

"நம்பினவங்களைப் பொய்க்காதவர். கைவிடாதவர்னு அர்த்தம்" என்று விளக்கினார் பெரியவர். அவர் வாத்தியார், பொருள் சொன்னார். நான் புரூப் பார்த்தவன்; எனக்கு எழுத்துத்தான் தெரிந்தது. உள்ளே போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நின்றேன். குட்டிக்கொள்ளக் கையைத் தூக்கினேன். எத்தனை தடவை குட்டிக்கொண்டேன் என்று எண்ணவில்லை. பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது, "அடுத்த தடவை வந்தா கெடாவுக்குப் போவோம் ஐயா. உங்க சோழனையும் பார்த்துடலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "நம்மவர் பெருமை தயாரா?" என்றார். கொஞ்ச நாள் கொடுங்கள் என்றேன். அந்தக் கொஞ்ச நாளில் பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்து விசாரித்தேன். புரூப் ரீடர் பெரியவர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறதாம். கடைசிவரை வேறு வேலை நிலையாகக் கிடைக்கவில்லையாம். அவருடைய பெண்ணின் விலாசம் கிடைத்தது. இந்தக் கட்டுரையை எழுதி முடித்து, ஆசிரியருக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒரு பிரதியை அந்த விலாசத்துக்கு அனுப்பினேன். கூடவே இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு செக்கும் வைத்தேன். வைத்த பிறகு அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று தோன்றிற்று. செக்கை எடுத்துவிட்டுக் கட்டுரையை மட்டும் அனுப்பினேன்.

இன்றுவரை பதில் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. துன் பாத்திமா சிரிக்கவில்லை என்று எழுதினவர், ஏன் சிரிக்கவில்லை என்று அவளிடம் யாரும் கேட்டதாக எழுதவில்லை. கேட்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அச்சுக்குப் போகுமுன் இதை வழக்கப்படி வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் 'அடிக்கடி' என்று வேறு விஷயங்களுக்காக எழுதியிருந்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.